ஆலைத் தலைவர்கள் எந்த வழியாக வருகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

பாலக்காடு, சித்தூர், கோவை வட்டாரங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. எந்திரத் தயாரிப்பு நிறுவனங்களில் மேல்பொறுப்புக்கு வருகிறவர்கள் என்ன படித்தவர்கள், எந்த வேலையில் தொடங்கியவர்கள், எந்தத் துறை வழியாக மேலே வந்தவர்கள் என்று வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு கஞ்சிக்கோட்டில் வால்வு தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனியின் மேலாளர்கள் எல்லோரும் பி.இ., எம்.பி.ஏ. படித்தவர்களாகவே இருக்கிறார்கள். டிப்ளமோ படித்தவன் சூப்பர்வைசருக்கு மேல் போக முடியாது என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். இது உண்மைதானா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பாதி உண்மை. முதலில் உண்மையில்லாத பாதியைச் சொல்கிறேன். இந்தியப் பொதுத்துறையின் மிகப் பெரிய நிர்வாகிகளில் ஒருவரான வி. கிருஷ்ணமூர்த்தி டிப்ளமோ படித்தவர்தான். தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் 1925இல் பிறந்த அவர், சென்னையில் மின் பொறியியல் டிப்ளமோ முடித்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத் தளங்களில் டெக்னீஷியனாக வேலையைத் தொடங்கினார். பிறகு சென்னை மாகாண மின்வாரியப் பணி, அதன்பின் டெல்லியில் திட்டக்குழு, அதன்பின் பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) நிறுவனத்தின் திருச்சி பாய்லர் ஆலையின் தலைமை என்று நகர்ந்து, 1972இல் பெல் நிறுவனத்தின் தலைவரானார். 1981இல் உருவான மாருதி நிறுவனத்தைத் தொடக்கம் முதலே நடத்தி, 1983 டிசம்பரில் முதல் காரை வெளியே கொண்டுவந்தார். 1985 முதல் செயில் உருக்கு நிறுவனத்துக்கும் தலைவராக இருந்தார்.

அவர் வகித்த பதவிகளைவிட, அவற்றை அடைந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மின்வாரியத்தில் இருந்தபோது மின் சாதனங்களை வாங்கிப் பயன்படுத்துகிறவராக இருந்தார். திட்டக்குழுவில் நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்கிடுகிறவராக இருந்தார். அதன் பிறகுதான் பாய்லர் தயாரிக்கும் ஆலைக்கு வந்தார். ஒரே பொருளை வாங்குகிறவர், திட்டமிடுகிறவர், செய்கிறவர் ஆகிய மூவரின் இடத்திலிருந்தும் பார்த்த ஒருவரிடம் ஆலையை ஒப்படைத்ததில் வியப்பில்லை.

இனி உண்மையான பாதி. பட்டப்படிப்பு அரிதாக இருந்த காலத்தில் அவர் மேலே வந்தார். இன்று பல நிறுவனங்கள் துணை மேலாளர் நிலைக்கு மேல் பட்டம் வேண்டும் என்று விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. திறமையைப் பார்த்து அந்த விதியைத் தளர்த்தும் முதலாளியை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியாது. டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. படிக்கலாம், வேலையை விட முடியாதவர்களுக்கு மாலை நேர வகுப்பு என்ற வழி இருக்கிறது. கோவை உங்களுக்குப் பஸ் தூரம்தான். திருமணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன்.

ஆனால் பட்டம் கதவைத் திறக்குமே தவிர, உள்ளே உட்காரவைக்காது. உங்கள் மெஷின் ஷாப்பிலேயே நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபவுண்டரியிலிருந்து, அதாவது வார்ப்பாலையிலிருந்து, வந்த வால்வு பாடி காஸ்டிங் (வார்ப்பு) வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. கடைசல் முடிந்து, துளையிட்டு, சீட் பொருத்தி, ஹைட்ரோ டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, அந்த வால்வின் அழுத்தத் தரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குத் தண்ணீர் அழுத்தம் கொடுக்கும்போது, ஃபிளாஞ்சுக்கும் கழுத்துக்கும் நடுவே வியர்வைபோல நீர் கசிகிறது. காஸ்டிங்குக்குள்ளே இருந்த நுண்துளை கடைசலில் வெளிப்பட்டுவிட்டது. ஃபவுண்டரிக்காரர் வேறு காஸ்டிங் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த பாடிமேல் செலவான மெஷின் நேரம், டூல் தேய்மானம், டெஸ்பாட்ச் தள்ளிப்போனதால் வாடிக்கையாளர் பிடிக்கும் தாமதத் தொகை ஆகியவற்றை யார் தருவார்? பெரும்பாலான ஷிஃப்டுகளில் "காஸ்டிங் ரிஜெக்ட்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எந்த பேட்டர்னில் (வார்ப்பு மாதிரியில்) இது திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்து வைத்து, அனுமதி வாங்கிக்கொண்டு ஃபவுண்டரிக்கே போய், உலோகம் எந்த இடத்தில் கடைசியாக உறைகிறது, அங்கே உருகிய உலோகத்தை ஊட்டும் ரைசர் போதுமா என்று கேட்டு வருகிற ஒருவர் இருந்தால் அவரை எந்த நிர்வாகமும் மறக்காது. நான் கண்டவரை, ஆலை மேலாளர்களாக உயர்ந்தவர்களில் பலர் முதன்முதலில் கண்ணில் பட்டது இப்படிப்பட்ட ஒரு ரிஜெக்‌ஷனைத் தீர்த்ததால்தான்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். சேமிப்பில் ஒரு பகுதியை எந்திரத் தயாரிப்பு நிறுவனங்களின் பங்குகளில் போட்டிருக்கிறேன். நிறுவனத்தை நடத்துகிறவர்கள் யார், அவர்களுடைய பின்னணி என்ன என்பதை என்னைப் போன்ற சிறிய பங்குதாரர் எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், வாளையார்

பதில்: நல்ல கேள்வி. ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தவுடன் லாபக் கணக்குக்குப் போய்விடுகிற பங்குதாரர்களே மிகுதி. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைப் பொறுத்தவரை, இந்த விவரங்களைப் பெறச் சட்டமே உங்களுக்கு வழி வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 203ஆவது பிரிவு, நிர்வாக இயக்குநர் அல்லது தலைமைச் செயல் அதிகாரி, கம்பெனிச் செயலர், தலைமை நிதி அதிகாரி ஆகிய முதன்மை நிர்வாகிகளை நியமிப்பதைக் கட்டாயமாக்குகிறது. இவர்களில் ஒருவர் மாறினாலும் செபி விதிகளின்படி நிறுவனம் அதைப் பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும். புதிதாக வருகிறவரைப் பற்றிய சுருக்கமான அறிமுகமும் அதில் இருக்கும். தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் அந்த அறிவிப்புகளை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் படிக்கலாம்.

இதைவிடப் பயனுள்ளதும், பலருக்குத் தெரியாததுமான ஆவணம் ஒன்று இருக்கிறது. நிர்வாகிகளின் நியமனம், ஊதியம் பற்றிய 2014ஆம் ஆண்டு விதிகளில் 5ஆவது விதி, ஊதியத்தில் முதல் பத்து இடங்களில் உள்ள ஊழியர்களையும், ஆண்டுக்கு 1 கோடியே 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் பெறுகிறவர்களையும் பற்றிய ஒரு பட்டியலை இயக்குநர்கள் அறிக்கையோடு தரச் சொல்கிறது. பதவி, கல்வித் தகுதி, அனுபவம், வயது, பணியில் சேர்ந்த தேதி, இதற்கு முன் வேலை பார்த்த நிறுவனம், இயக்குநர் எவருக்காவது உறவினரா என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். பங்குதாரர்களுக்கு அனுப்பும் பிரதியில் இந்தப் பட்டியலைச் சேர்க்காமல் விட நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் பங்குதாரர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கம்பெனிச் செயலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நீங்கள் வைத்திருப்பது பத்துப் பங்காக இருந்தாலும் உரிமை உரிமைதான்.

பட்டியல் கைக்கு வந்ததும், சேர்ந்த தேதியையும் முந்தைய நிறுவனத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால், உள்ளே பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று கேட்க வேண்டிய நேரம் அது. பத்துப் பேரும் முப்பது ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர்கள் என்றால், இவர்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியை ஆண்டுப் பொதுக்குழுவில் எழுப்புங்கள். ஆலையை நேரடியாக நடத்திய ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லாத தயாரிப்பு நிறுவனமாக இருந்தால், என் பணத்தை அங்கே போட நான் தயங்குவேன்.

கேள்வி: நான் சி.ஏ. இண்டர் முடித்திருக்கிறேன். என்ஜினீயரிங் கம்பெனியில் கணக்குத் துறையில் சேர்ந்தால் கடைசிவரை கணக்கப்பிள்ளைதான் என்கிறார்கள். கணக்குப் படித்தவர்கள் இத்தகைய நிறுவனங்களின் தலைவர்களாக ஆனது உண்டா? ஆனால் அது நிறுவனத்துக்கு நல்லதா?
– வாசகி, பாலக்காடு

பதில்: உண்டு. சென்னையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. அசோக் லேலண்ட் நிறுவனத்தில் 1976இல் சேர்ந்த ஆர். சேஷசாயி ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். லாரியும் பஸ்ஸும் செய்கிற அந்த நிறுவனத்துக்கு 1998இல் நிர்வாக இயக்குநரானார். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் 1980இல் சேர்ந்த ஜோ கேசர் வணிக நிர்வாகம் படித்தவர். 2006இல் தலைமை நிதி அதிகாரியாகவும் 2013இல் தலைமைச் செயல் அதிகாரியாகவும் உயர்ந்தார்.

இரண்டாவது கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. சீமென்ஸையே தொடர்ந்து பார்ப்போம். 2006இல் வெடித்த லஞ்ச விவகாரத்தில் நிறுவனத்தின் பெயர் கெட்டபோது, 2007இல் பீட்டர் லோஷரை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள்; அந்தப் பதவிக்கு வெளியாள் ஒருவர் வந்தது அதுவே முதல்முறை. அவருக்குப் பின் லாப இலக்குகளை எட்ட வேண்டிய நெருக்கடியில், நிறுவனத்தின் கணக்கு முழுவதையும் உள்ளங்கை ரேகையாக அறிந்த கேசர் வந்தார். எந்தெந்தப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரிப்பது என்பது அவர் காலத்தின் பெரிய வேலையாக இருந்தது. அந்தப் பிரிவினைகள் முடிந்து, மிச்சமிருந்த நிறுவனம் ஆலைத் தானியக்கத்திலும் மென்பொருளிலும் கவனம் வைத்த நேரத்தில், இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்று 1994இல் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்த ரோலண்ட் புஷ் 2021இல் தலைமைக்கு வந்தார். இயக்குநர் குழு அந்தந்த நேரத்தில் எதைத் தன் முதல் தலைவலியாகக் கருதியது என்பதை அது தேர்ந்தெடுத்த மனிதரின் பின்னணியே காட்டிவிடுகிறது.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கதையும் இதற்கு வலுச்சேர்க்கிறது. ஜாக் வெல்ச், வேதிப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்று 1960இல் அங்கே பிளாஸ்டிக் பிரிவில் சேர்ந்து 1981இல் தலைவரானவர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உள்ளேயிருந்தே தலைவர்களை உருவாக்கி வந்த அந்த நிறுவனம், கடனில் மூழ்கித் தத்தளித்த 2018இல்தான் லாரி கல்ப் என்ற வெளியாளைக் கொண்டுவந்தது. அவர் படித்தது எம்.பி.ஏ.; ஆனால் அதற்கு முன் டேனஹர் நிறுவனத்தில் பல்லாண்டுகள், ஆலைத் தளத்துக்கே நேரில் போய் வேலை நடக்கும் விதத்தைக் கவனிக்கிற வழக்கத்தில் ஊறியவர்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. கணக்குத் துறையில் சேர்ந்தால் வரிக் கணக்கிலேயே தங்கிவிடாமல், ஆலையின் காஸ்டிங் பிரிவை, அதாவது அடக்கவிலைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வால்வுக்கு எவ்வளவு உலோகம், எவ்வளவு மெஷின் நேரம், எவ்வளவு கழிவு என்று கணக்கிட வேண்டுமானால் ஷாப் ஃப்ளோரில் நடக்காமல் முடியாது. அப்படி நடந்த கணக்காளரை உற்பத்தி மேலாளர்கள் தங்களில் ஒருவராக மதிப்பார்கள். நாளை நீங்கள் தலைமைக்கு வரும்போது அந்த மதிப்புதான் துணை நிற்கும்.

கேள்வி: தலைமைப் பதவிக்கு எம்.பி.ஏ. கட்டாயமா?
– வாசகர், சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)

பதில்: இல்லை. எல் அண்டு டி நிறுவனத்தில் 1965இல் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து 1999இல் தலைமைச் செயல் அதிகாரியான ஏ.எம். நாயக் பொறியியல் பட்டத்தோடு வந்தவர். பின்னர் 2017இல் அந்தப் பொறுப்புக்கு வந்த எஸ்.என். சுப்பிரமணியன் கட்டடப் பொறியியலோடு எம்.பி.ஏ.வும் படித்து 1984இல் சேர்ந்தவர். இருவருக்கும் பொதுவானது ஒரே நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்ததே தவிர, பட்டமல்ல. சில ஆண்டு வேலைக்குப் பிறகு, எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படித்தால் எம்.பி.ஏ. பயன்படும்.

கேள்வி: நான் எலெக்ட்ரிக்கல் பி.இ. பட்டதாரி. ஆலையில் சோதனைப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். என்னை மனிதவளத் துறைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாற்றுகிறோம் என்று நிர்வாகம் சொல்கிறது. பெண் என்பதால் ஆலையிலிருந்து என்னை ஒதுக்குகிறார்களோ என்று வருத்தமாக இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, கஞ்சிக்கோடு

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. பெண் பொறியாளர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அலுவலக வேலைக்குத் தள்ளிவிடுகிற ஆலைகள் இருக்கத்தான் செய்கின்றன. அது அவர்களுக்கும் ஆலைக்கும் செய்கிற அநியாயம். ஆகவே மாறுதலை ஒப்புக்கொள்வதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஆண்டு முடிந்ததும் எந்தப் பதவிக்குத் திரும்புவீர்கள்? இதே மாறுதல் ஆண் பொறியாளர் எவருக்காவது கொடுக்கப்பட்டிருக்கிறதா? மனிதவளத் துறையில் உங்கள் பொறுப்பு என்ன? ஆளெடுப்பு, ஊதியப் பேச்சுவார்த்தை, பயிற்சி போன்றவை என்றால் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. வருகைப் பதிவேடும் விழா ஏற்பாடும்தான் என்றால் பணிவோடு மறுத்துவிடுங்கள்.

பதில்கள் திருப்தியாக இருந்தால், மேரி பாராவின் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸில் 1980இல், பதினெட்டு வயதில், படித்துக்கொண்டே வேலை செய்யும் மாணவியாகச் சேர்ந்து, கார் மட்கார்டுகளையும் பானெட்டுகளையும் பரிசோதிக்கும் வேலையில் தொடங்கினார். உங்களைப்போலவே எலெக்ட்ரிக்கல் பொறியியல். பின்னர் ஓர் ஆலைக்கே மேலாளரானார். உலக அளவில் உற்பத்திப் பொறியியலுக்குத் துணைத் தலைவரானார். நிறுவனம் திவாலாகி மீண்ட 2009இல் அவரை மனிதவளத் துறைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து 2011இல் புதிய வாகன உருவாக்கப் பிரிவின் தலைமைக்குப் போனார். 2014 ஜனவரியில் நிறுவனம் முழுவதற்கும் தலைமை ஏற்றார். ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும், வேண்டாத விதிகளை வெட்டவும் கற்றுக்கொண்ட அந்த இடைக்காலம் அவருக்குத் தடையாகவில்லை. ஆனால் அவர் அங்கே போகும்போது ஆலையை நடத்திய அனுபவம் ஏற்கெனவே கையில் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் சோதனைப் பிரிவில் மட்டுமே இருந்திருந்தால், முதலில் உற்பத்தியில் ஒரு ஷிஃப்டின் முழுப் பொறுப்பைக் கேளுங்கள். மனிதவளம் அதற்குப் பிறகு வரட்டும்.

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு மெக்கானிக்கல் பி.இ. முடிக்கிறான். ஒரு கம்பெனி உற்பத்தி வேலைக்கும், இன்னொரு கம்பெனி அப்ளிகேஷன் என்ஜினீயர் வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாவது வேலை மேஜைமுன் உட்கார்ந்து கொட்டேஷன் போடுவதாம். படித்த படிப்பு வீணாகிவிடாதா?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: வீணாகாது, அந்த வேலையைப் பற்றி வெளியே யாரும் சரியாகச் சொல்வதில்லை. கட்டுப்பாட்டு வால்வுத் தொழிலை வைத்தே விளக்குகிறேன். மின் நிலையமோ உர ஆலையோ ஒரு விவரத்தாள் அனுப்பும்: எந்தத் திரவம், மணிக்கு எவ்வளவு பாய வேண்டும், உள்ளே வரும் அழுத்தம் எவ்வளவு, வெளியேறும் அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு. அதைப் பார்த்து எந்த அளவு வால்வு, உள்ளே எந்த வகை ட்ரிம் (பாய்வைக் கட்டுப்படுத்தும் உள்பாகங்கள்), எந்த ஆக்சுவேட்டர் (வால்வைத் திறந்து மூடும் கருவி) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அழுத்தம் ஒரேயடியாக விழும் இடத்தில் தண்ணீருக்குள் நீராவிக் குமிழிகள் உருவாகி, அழுத்தம் மீண்டும் ஏறும்போது நொறுங்கி உலோகத்தை அரித்துவிடும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு, அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கும் ட்ரிம்மைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் விலை ஏறும், ஆர்டர் போட்டிக் கம்பெனிக்குப் போகலாம். கொடுக்காவிட்டால் சில மாதங்களில் வால்வு திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்கிற அந்தப் பையன் வடிவமைப்பு, அடக்கவிலை, வாடிக்கையாளர் மனது மூன்றையும் ஒன்றாகக் கற்றுக்கொள்கிறான். தயாரிப்பு நிறுவனங்களின் வணிகத் தலைவர்களில் பலர் இந்த நாற்காலியிலிருந்து எழுந்தவர்கள்.

இருந்தாலும் என்னைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உற்பத்தி வேலையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வால்வைக் கையால் பிரித்து மாட்டாதவன் போடும் கொட்டேஷனில் அந்தக் குறை எங்காவது தெரியும். ஷாப் ஃப்ளோரிலிருந்து அப்ளிகேஷனுக்கு மாறுவது எளிது. குளிரூட்டிய அறையிலிருந்து ஃபவுண்டரிப் பக்கம் இறங்குவது கடினம்.

கேள்வி: நம் மாவட்டத்தில் பிறந்து பெரிய பொறியியல் நிறுவனங்களை நடத்தியவர்கள் யார்?
– பள்ளி மாணவர், எருத்தேம்பதி

பதில்: முதலில் நினைவுக்கு வருகிறவர் இ. ஸ்ரீதரன். பாலக்காடு மாவட்டத்துக் கருகபுத்தூரில் 1932இல் பிறந்து, பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும், ஆந்திரத்துக் காக்கிநாடா அரசு பொறியியல் கல்லூரியிலும் படித்தார். சிறிது காலம் கோழிக்கோடு பாலிடெக்னிக்கில் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு ரயில்வே. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ரயில்வேக்காரரான அவரை 1979இல் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்துக்கு அனுப்பினார்கள். தேங்கிக் கிடந்த அங்கே அவர் தலைமையில்தான் முதல் கப்பலான ராணி பத்மினி 1981இல் நீரில் இறங்கியது. கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அதற்குப் பின்னர். பாலத்தைச் சீரமைத்தவரிடம் கப்பல் தளத்தைக் கொடுத்தது துறை மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு: வேலையை நாள்வாரியாகப் பிரித்து, குறித்த தேதிக்குள் முடிக்கும் பழக்கத்தை அவர் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோனார்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன் நான். ஆலையில் வேலை தெரிகிறது. ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் ஆய்வுக் கூட்டங்களில் வாயைத் திறக்க முடிவதில்லை. இதனால் பதவி உயர்வு தள்ளிப்போகிறது.
– வாசகர், வடகரப்பதி

பதில்: சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்து வந்த பலர் இதே குறையை எழுதுகிறார்கள். உங்களிடம் இருப்பதை முதலில் கணக்கில் எடுங்கள்: தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுகிறீர்கள், வடநாட்டுத் தொழிலாளர்களோடு பழகி இந்தியும் ஓரளவு வந்திருக்கும். ஷாப் ஃப்ளோரில் ஆட்களை நடத்த இது பெரிய பலம். ஆங்கிலத்தைப் பேச்சில் தொடங்காமல் எழுத்தில் தொடங்குங்கள். ஷிஃப்ட் அறிக்கையை வேறொருவரிடம் எழுதக் கொடுக்காமல், என்ன பழுது, எப்போது கண்டோம், என்ன காரணம், என்ன செய்தோம் என்று நாள்தோறும் நீங்களே சிறு சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் முறை வரும்போது அப்படியே படியுங்கள். எண்களோடு பேசுகிறவரை யாரும் இலக்கணம் பார்த்து நிறுத்துவதில்லை.